மாமாவின் கை எழும்பியது, அப்பாவின் கால் ஏன் எழும்பவில்லை?

தங்கச்சி, நீங்கள் கேட்டதை நான் விளங்கிக்கொண்ட மாதிரி முதலில் திருப்பிச் சொல்கிறேன். 2009இல் சில நாள் இடைவெளியில் உங்கள் அப்பாவும் மாமாவும் ஷெல் துண்டு பட்டுக் காயப்பட்டார்கள். மாமாவுக்கு மேல்கை எலும்பு முறிந்து மணிக்கட்டு தொங்கிப்போனது. ஒன்றரை வருடத்துக்குள் அந்தக் கை மெல்ல மெல்ல எழும்பி, இன்று மண்வெட்டி பிடிக்கிறார். அப்பாவுக்கு நடுமுதுகில் பட்டது; அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். நரம்புக்கலம் பிரிவடையாது என்று உயர்தர உயிரியலில் படிக்கிறீர்கள். அப்படியென்றால் மாமாவின் கை எப்படித் திரும்பியது, அது திரும்புமென்றால் அப்பாவின் கால் ஏன் திரும்பவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியாக, ஸ்டெம் செல் (வேறு கலங்களாக மாறக்கூடிய மூலக்கலம்) ஊசி போட்டால் அப்பா நடப்பார் என்று ஒரு முகவர் சொல்வதையும், அதற்காக இரணைமடுத் தண்ணீர் பாயும் வயலை விற்க வீட்டில் யோசிப்பதையும் எழுதியிருக்கிறீர்கள். உங்களை வதைக்கும் கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. ஆகவே பதிலை முதலே சொல்லிவிடுகிறேன்: வயலை விற்க வேண்டாம். ஏன் என்று விரிவாக எழுதுகிறேன். காரணம் தெரியாமல் வெறும் 'வேண்டாம்' என்பதை மட்டும் கேட்டு எந்தக் குடும்பமும் ஆறுதல் அடையாது.

நான் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்). கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்தில் நரம்புக் காயக்காரர்களோடுதான் என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி போயிருக்கிறது. சத்திரசிகிச்சை நிபுணர் அல்ல. அப்பாவை நேரில் பார்க்காமல் அவருடைய காயத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவும் மாட்டேன். நரம்பிழையம் எப்படி வேலை செய்கிறது என்பதையும், அதில் எது உறுதி, எது இன்னும் விவாதத்தில் கிடக்கிறது என்பதையும் சொல்ல என்னால் முடியும்.

உங்கள் பாடப்புத்தகம் சொல்வது சரி. முதிர்ந்த நரம்புக்கலம் இரண்டாகப் பிரிவதில்லை. ஆனால் அந்தக் கலத்தின் உருவத்தைக் கொஞ்சம் மனதில் கொண்டுவாருங்கள். கலவுடல் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அதிலிருந்து புறப்படும் அக்சன் என்ற இழை மட்டும் ஒரு மீற்றர் நீளம்வரை போகும். கால் பெருவிரலை அசைக்கிற இழையின் கலவுடல் முதுகெலும்புக்குள், முண்ணாண் என்ற முள்ளந்தண்டு வடத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. மாமாவின் மணிக்கட்டைத் தூக்குகிற இழையின் கலவுடல் கழுத்துக்குள் இருக்கிறது. அவருக்கு அடிபட்டதோ மேல்கையில், எலும்பைச் சுற்றிக்கொண்டு போகும் ஆரை நரம்பில். அங்கே அறுந்ததும் நசிந்ததும் இழைகள் மட்டும். கலவுடல்கள் கழுத்துக்குள் பத்திரமாகக் கிடந்தன. ஆகவே புதிய கலம் எதுவும் பிறக்கத் தேவைப்படவில்லை. பழைய கலமே தன் இழையை மறுபடி வளர்த்தது. கலம் பிரிவது வேறு, கலத்தின் இழை வளர்வது வேறு. இந்த இடத்தில்தான் அநேகம் பேர் குழம்புகிறார்கள்.

இழை அறுந்தால் என்ன நடக்கும் என்பதை 1850இல் ஒகஸ்டஸ் வாலர் என்பவர் தவளையின் நாக்கு நரம்புகளை வெட்டிப் பார்த்து எழுதினார். கலவுடலோடு தொடர்பு அறுந்த பகுதி சிதைந்துபோகும். தொடர்புள்ள பகுதி உயிரோடு இருக்கும். அதற்குப் பிறகு நடப்பதுதான் விசேஷம். கையிலும் காலிலும் ஓடும் நரம்புகளில், அக்சனைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புக் கவசத்தைப் போடுவது சுவான் கலங்கள். அக்சன் சிதைந்ததும் இந்தக் கலங்கள் கவசம் போடும் வேலையை விட்டுவிட்டுத் திருத்த வேலைக்கு மாறுகின்றன. உடைந்த மயலினைத் தின்கின்றன, இரத்தத்திலிருந்து பெருவிழுங்கிகளைக் கூப்பிட்டு மிச்சத்தையும் துப்புரவாக்குகின்றன, பிறகு தாங்களும் பெருகி நிரையாக அடுக்கி நிற்கின்றன. அவற்றைச் சுற்றியிருந்த மெல்லிய உறைக்குழாயும் அப்படியே கிடக்கும். வாய்க்கால் வற்றினாலும் வரம்பு கிடந்தால் திறந்துவிட்ட தண்ணீர் வயலுக்குப் போய்ச் சேருகிற மாதிரி, புதிதாக வளரும் இழை அந்தக் குழாய் வழியே போய்த் தசையைத் தொடும்.

வேகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர், மாதம் 3 சென்ரிமீற்றர். மாமாவின் கை ஏன் அவ்வளவு காலம் எடுத்தது என்பது இந்தக் கணக்கிலேயே வந்துவிடுகிறது. ஆரை நரம்புக் காயத்தில் அசைவு திரும்பும் வரிசையை நான் ஒவ்வொரு முறையும் ஆசையோடு பார்ப்பேன். முதலில் முழங்கைக்குக் கிட்ட உள்ள தசை விரல் வைத்தால் தெரியும் அளவுக்குத் துடிக்கும். பிறகு கையை மேசையில் பக்கவாட்டாக, பெருவிரல் மேலே இருக்க வைத்தால், மணிக்கட்டு பின்பக்கமாகக் கொஞ்சம் நகரும்; அதே கையைக் கவிழ்த்து வைத்தால் தூக்க ஏலாது, பாரத்தை எதிர்க்கும் பலம் இன்னும் வந்திருக்காது. மணிக்கட்டு எழும்பிச் சில மாதங்களுக்குப் பிறகுதான் விரல்கள் நிமிரும். பெருவிரல் கடைசி. கழுத்துக்குக் கிட்ட இருப்பது முதலிலும் தூர இருப்பது கடைசியிலும் வரும். மாமாவிடம் கேட்டுப் பாருங்கள், அநேகமாக இதே வரிசையைத்தான் சொல்வார்.

நரம்பு வழியே விரலால் தட்டிக்கொண்டு போனால், வளரும் முனை இருக்கும் இடத்தில் மின்சாரம் அடித்த மாதிரிச் சுரீரென்று இருக்கும். அந்த இடம் மாதாமாதம் கீழே இறங்கினால் நல்ல அறிகுறி. 1915இல் ஜேர்மனியில் ஹொஃப்மனும் பிரான்சில் தினெலும் ஒருவரையொருவர் அறியாமல் இதை எழுதினார்கள். எதிரெதிரே போரிட்டுக்கொண்டிருந்த இரண்டு நாடுகளின் காயக்காரர்களிடமிருந்து வந்த ஒரே பாடம் அது. நரம்புக் காயங்களை மூன்று தரமாகப் பிரித்த ஹேர்பேட் செடனும் 1943இல், அடுத்த உலகப் போரின் நடுவில்தான் அதை எழுதினார். கவசம் மட்டும் கெட்டு இழை தப்பினால் சில கிழமைகளிலோ மாதங்களிலோ சரியாகும். இழை அறுந்து குழாய் தப்பினால் மில்லிமீற்றர் கணக்கில் வளர்ந்து வரும். குழாயோடு முழு நரம்பும் துண்டானால் தானாக வராது. சத்திரசிகிச்சையில் தைக்க வேண்டும், இடைவெளி பெரிதென்றால் கெண்டைக்காலிலிருந்து ஒரு தோல் நரம்பை எடுத்து ஒட்ட வேண்டும். தைக்காமல் விட்டால், வழி தெரியாத இழைகள் அங்கேயே சுருண்டு வலிக்கும் கட்டியாகிவிடும். துண்டிக்கப்பட்ட கால் முனையில் தொட்டால் துள்ள வைக்கும் இடம் அநேகமாக அதுதான். மாமாவுக்குத் தையல் எதுவும் போடாமலே கை திரும்பியது என்று எழுதியிருப்பதால் அவருடையது இரண்டாம் தரமாக இருந்திருக்க வேண்டும். இது என் ஊகம், அவ்வளவுதான்.

காலக்கெடு ஒன்றும் இருக்கிறது. நரம்பு தொடாமல் கிடக்கும் தசை ஏறத்தாழ ஒரு வருடம், ஒன்றரை வருடத்துக்குள் மீள முடியாத அளவுக்கு நாராகிப்போகும். ஆரை நரம்பு தன் தசைகளை முழங்கையைச் சுற்றியும் முன்கையிலுமே தொட்டுவிடுவதால் மாமாவுக்கு நேரம் போதுமாக இருந்தது. அதே உயரத்தில் கையின் உட்பக்கத்து நரம்பு அறுந்தவர்களுக்கு விரலிடைச் சிறு தசைகள் முழுதாகத் திரும்பியதை நான் அரிதாகத்தான் கண்டிருக்கிறேன். இழை போய்ச் சேரும்போது தசை காத்திருப்பதில்லை.

வன்னியில் எல்லாருக்கும் தெரிந்த இன்னொரு சாட்சியும் உண்டு. கட்டுவிரியன் கடித்தவருக்கு முதலில் இமை விழும், பிறகு மூச்சு நிற்கும். அந்த விஷம் அக்சனின் கடைசி நுனியை, தசையைத் தொடும் இடத்தையே அழிக்கிறது. அழிந்த நுனியை விஷமுறிவு மருந்தால் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆனால் இயந்திரத்தில் மூச்சுக் கொடுத்து வைத்திருந்தால், நாட்களிலோ கிழமைகளிலோ நுனி மறுபடி முளைத்து ஆள் எழும்பிவிடுவார். தலைக்கும் முதுகெலும்புக்கும் வெளியே உள்ள நரம்புக்கு இந்தக் குணம் உண்டு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

சரி, அப்பாவின் முதுகுக்கு வருவோம். முண்ணாணுக்குள் ஓடுவதும் அக்சன்தான். மூளையிலிருந்து இறங்கி, இடுப்புக்குக் கட்டளை கொண்டுபோகும் இழைகள் அவை. அவருக்கும் கலவுடல்கள் பெரும்பாலும் பத்திரம். அவை மூளையில் இருக்கின்றன. இழைகள் அறுந்தன, திரும்ப வளரவில்லை. ஸ்பெயின் நாட்டு ரமோன் இ கஹால், நரம்பிழையத்தை வெள்ளி உப்பால் நிறமூட்டிப் பார்த்ததற்காக 1906இல் கொல்ஜியோடு சேர்த்து நோபல் பரிசு பெற்றவர். முண்ணாணில் வெட்டுப்பட்ட இழைகள் முளைவிட்டுக் கொஞ்ச தூரம் முயன்று பிறகு நின்றுபோவதை அவரே கண்டு எழுதியிருக்கிறார். முயற்சி இருக்கிறது; நடுவழியில் நின்றுவிடுகிறது.

ஏன் நிற்கிறது என்பதற்கு மிக அழகான சான்று நம் எல்லார் உடம்பிலும் இருக்கிறது. தோலிலிருந்து உணர்ச்சியைக் கொண்டுவரும் கலத்தின் உடல் முதுகெலும்புக்குப் பக்கத்தில் ஒரு சிறு முடிச்சில் இருக்கும். அதிலிருந்து ஒரு கிளை தோலுக்குப் போகும், இன்னொரு கிளை முண்ணாணுக்குள் ஏறும். தோல் பக்கக் கிளையை வெட்டினால் வளரும். முண்ணாணுக்குள் போகும் கிளையை வெட்டினால், உள்ளே வளராது. கலம் ஒன்றே, விதி இரண்டு. அப்படியென்றால் வித்தியாசத்தின் பெரும்பங்கு அயலில் இருக்கிறது.

அந்த அயல் எப்படிப்பட்டது? முண்ணாணிலும் மூளையிலும் சுவான் கலம் இல்லை. அங்கே மயலினைப் போடுவது ஒலிகோடென்ட்ரோசைட் என்ற வேறொரு கலம். சுவான் கலம் ஒரு இழையின் ஒரு துண்டை மட்டும் சுற்றும். இதுவோ கைகளை நீட்டிப் பல இழைகளை ஒரேநேரத்தில் சுற்றும். காயம் பட்டதும் திருத்த வேலைக்கு மாறும் குணம் இதற்கு இல்லை. அது விட்டுச்செல்லும் மயலின் சிதைவுகள் மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும், ஏனென்றால் அங்குள்ள துப்புரவுக் கலங்களான மைக்ரோகிளியா அவ்வளவு விரைவாக வேலை செய்வதில்லை. அந்தச் சிதைவில் இழையின் வளர்ச்சியை மறிக்கும் புரதங்களும் உண்டு. சூரிச்சில் மார்ட்டின் ஷ்வாப்பின் குழு 1988 முதல் அவற்றை அடையாளம் கண்டது. இதற்கு மேல் அஸ்ட்ரோசைட் என்ற நட்சத்திர வடிவக் கலங்கள் காயத்தைச் சுற்றி ஒரு தழும்பைக் கட்டுகின்றன. உள்ளே உறைக்குழாயும் இல்லை.

1981இல் மொன்றியலில் சாமுவேல் டேவிட்டும் அல்பேட் அகுவாயோவும் செய்த பரிசோதனை இதை உறுதிப்படுத்தியது. எலியின் கால் நரம்பில் ஒரு துண்டை எடுத்து, ஒரு முனையை மூளைத்தண்டிலும் மறுமுனையை முண்ணாணிலும் செருகி, முதுகெலும்புக்கு வெளியாலே பாலம் போட்டார்கள். வளராது என்று நினைத்திருந்த இழைகள் அந்தப் பாலத்துக்குள் ஏறி ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் வளர்ந்தன. மறுமுனையில் திரும்ப முண்ணாணுக்குள் நுழைந்ததும் ஓரிரு மில்லிமீற்றரில் நின்றன. இதைப் படித்துவிட்டுத்தான் உலகம் முழுவதும் இவ்வளவு நம்பிக்கையோடு வேலை செய்கிறார்கள்.

இனி விவாதத்தில் உள்ளவை. தழும்பு வெறும் தடைதான் என்று நாங்கள் படித்தோம். 2016இல் வெளியான எலி ஆய்வு ஒன்று, அஸ்ட்ரோசைட் தழும்பைக் கட்டவிடாமல் தடுத்தால் இழை கூடுதலாக வளரவில்லை, தழும்பு சில இடங்களில் வளர்ச்சிக்குத் துணையாகவும் நிற்கிறது என்று காட்டியது. அதன் பின் இந்த விடயத்தில் ஒருமித்த கருத்து இல்லை. அயலை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. மூளையிலும் முண்ணாணிலும் உள்ள கலங்கள் முதிரும்போது தங்கள் வளரும் திறனையே பெருமளவு அடக்கிவிடுகின்றன. எந்தப் பங்கு எவ்வளவு என்பதை யாரும் உறுதியாகப் பிரித்துச் சொல்லவில்லை. வளர்ந்தவர் மூளையில் புதிய நரம்புக்கலம் பிறக்குமா என்றும் ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். நினைவோடு தொடர்புள்ள ஒரு சிறு பகுதியில் பிறப்பதாக 1998இல் ஓர் ஆய்வு சொன்னது. 2018இல் ஓர் ஆய்வு இல்லை என்றது, அதே வருடம் இன்னொன்று உண்டு என்றது. எப்படியிருந்தாலும் முண்ணாண் காயத்தை நிரப்ப அது உதவாது.

அடுத்ததாக, அப்பாவின் கால் இரவில் துடிப்பது. "உயிர் திரும்புது" என்று அம்மா சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அது இழை வளர்ந்ததற்கான அடையாளம் அல்ல. காயத்துக்குக் கீழே உள்ள முண்ணாண் சாகவில்லை. அங்குள்ள நரம்புக்கலங்கள் உயிரோடு இருக்கின்றன, காலிலிருந்து செய்தி வந்தால் பதில் கொடுக்கின்றன, அவற்றை அடக்கி ஆளும் மூளையின் கட்டளை மட்டும் வருவதில்லை. அதனால்தான் சின்னத் தொடுகைக்கும் கால் விறைத்துத் துள்ளுகிறது. துடிப்பு வழமையைவிடக் கூடினால் சந்தோஷப்படாமல் காரணத்தைத் தேடுங்கள்: சிறுநீரில் கிருமி, மலச்சிக்கல், படுக்கைப்புண், உள்ளே வளரும் கால் நகம். உணராத உடம்பு தன் வருத்தத்தைச் சொல்ல வைத்திருக்கும் வழிகளில் அதுவும் ஒன்று.

இப்போது ஊசி. முகவர் சொல்வதில் ஒரு துளி உண்மை கலந்திருப்பதால்தான் ஆபத்து. ஸ்டெம் செல் சிகிச்சை இரத்த நோய்களுக்கு நிரூபணமானது. முண்ணாண் காயத்துக்கு ஆராய்ச்சி நடக்கிறது. ஜப்பான் 2018இல் ஒரு முறைக்கு நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது. ஆதாரம் போதாது என்று பல விஞ்ஞானிகள் அப்போதே கண்டித்தார்கள். அதே நாட்டில் கெய்யோ பல்கலைக்கழகம் 4 பேருக்குச் செய்த முதல் முயற்சியின் முடிவை 2025இல் அறிவித்தது. சிலருக்கு முன்னேற்றம் தெரிந்தது. கவனியுங்கள், இவை எல்லாம் காயம் பட்டு ஒரு சில கிழமைகளுக்குள் உள்ளவர்களுக்குச் செய்தவை. இத்தனை வருடம் கடந்த காயத்தில், ஊசி போட்டு நடக்கவைக்கும் சிகிச்சை எதுவும் இன்றுவரை நிரூபணமாகவில்லை. பாதிப்பு இருக்கிறது: போர்த்துக்கலில் மூக்கின் உட்படலக் கலங்களை முண்ணாணில் வைத்துக்கொண்ட ஒரு பெண்ணுக்கு, 8 வருடங்களுக்குப் பிறகு அதே இடத்தில் கட்டி வளர்ந்து வலி கொடுத்து, அதை வெட்டி எடுக்க வேண்டிவந்தது. உண்மையான பரிசோதனை ஆய்வில் சேருகிறவரிடம் சிகிச்சைக்காக இலட்சக்கணக்கில் வாங்க மாட்டார்கள். காசு கேட்டாலே நீங்கள் பின்வாங்கலாம்.

பழைய காயக்காரர்களுக்கு ஓரளவு நம்பிக்கை தந்திருப்பது வேறொன்று. முண்ணாணின் மேல் மின்முனையை வைத்துத் தூண்டும் முறை. 2018இல் அமெரிக்காவிலும் சுவிற்சர்லாந்திலும் சிலர் அப்படித் தூண்டும்போது, மாதக்கணக்கான பயிற்சிக்குப் பிறகு, பிடிமானத்தோடு அடி எடுத்து வைத்தார்கள். காயத்துக்குக் கீழே உயிரோடு இருக்கும் கலங்களையும், தப்பியிருக்கும் ஒருசில இழைகளையும் அது எழுப்புகிறது என்று கருதுகிறார்கள். ஆராய்ச்சி நிலையங்களுக்கு வெளியே அது இன்னும் பெரிதாக வரவில்லை. ஆனால் அது வரும் நாளில் பயன்பெற, அப்பாவின் மூட்டுகள் விறைக்காமலும் எலும்பும் தோலும் சிறுநீரகமும் கெடாமலும் இருக்க வேண்டும்.

அதனால் கையில் கொஞ்சம் காசு இருந்தால் அதை இங்கே போடுங்கள். நல்ல இருக்கை மெத்தை ஒன்று. நாற்காலியோடு உள்ளே போகக்கூடிய கழிவறை. படுக்கையில் 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுவதும், நாற்காலியில் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது கைகளை ஊன்றி இடுப்பைத் தூக்குவதும் காசில்லாமல் செய்யக்கூடியவை. ஓடி வந்து நின்ற மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயில் கால் பட்டு, கருகும் மணம் வந்த பிறகுதான் அறிந்தவர்களை எங்கள் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். அடுப்படியிலும் வெளியிலும் காலுக்குச் சப்பாத்து இருக்கட்டும், இரவில் பாதங்களையும் பிட்டத்தையும் விளக்குப் பிடித்துப் பாருங்கள். யாராவது எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கச் சொன்னால், உடம்பில் ஷெல் துண்டு இருக்கிறது என்று முதலே சொல்லி எக்ஸ்றே எடுப்பியுங்கள். காந்தத்தில் இரும்பு நகரும், முதுகுக்குக் கிட்ட அது நகரக்கூடாது. மாங்குளத்தில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களின் அமைப்பான உயிரிழை இருக்கிறது. நாற்காலியில் வாழ்கிறவர்களே சொல்லித்தரும் விடயங்கள் என்னைப் போன்றவர்கள் சொல்வதைவிடப் பிரயோசனமானவை.

அடுத்த கிளினிக்கில் இரண்டு விடயம் கேளுங்கள். ஒன்று, ஆசனவாயைச் சுற்றிய தோலில் அப்பாவுக்கு உணர்ச்சி இருக்கிறதா என்று கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்பது. கேட்க வெட்கமாக இருக்கும், ஆனால் காயம் முழுமையானதா, சில இழைகள் தப்பியிருக்கின்றனவா என்பதைச் சொல்லும் சோதனை அது. மற்றது, சிறுநீரகங்களை வருடத்துக்கு ஒருமுறை ஸ்கான் செய்து பார்ப்பது. அவர்கள் சொல்லும் பதிலை இங்கே எழுதினால் மிச்சத்தைக் கதைக்கலாம்.